கேட்காமல் காக்கும் கணினி

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ திருச்சி தில்லை நகரிலோ உள்ள ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று கணினிகள் இருக்கும். ஒன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருளின் உரிமமும் கணக்குக் கோப்புகளும் இருக்கின்றன. மற்ற இரண்டும் லேன் வழியாக அதிலிருந்து எடுத்து வேலை செய்கின்றன. ஒரு நாள் காலை, இரண்டாவது கணினியில் திறந்தால் உரிமம் கிடைக்கவில்லை என்று டேலி சொல்கிறது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. உரிமம் கேட்டு 9999 என்ற போர்ட்டுக்கு வந்த அழைப்பை முதல் கணினியின் ஃபயர்வால் மறித்துவிட்டது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அந்த ஒரு போர்ட்டை, அந்த அலுவலகத்துக் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிடுவது முறையான வழி. விவரம் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுவது இன்னொரு வழி. அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில், வெளியே நான்கு வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது, சர்வீஸ் பையன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை. "ஆஃப் பண்ணிட்டேன் சார், இனிமே பிரச்சினை வராது" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்புகிறான். அணைந்த ஃபயர்வால், அந்தக் கணினி பழைய சாமானுக்குப் போகும்வரை அணைந்தே கிடக்கிறது.

அதே அலுவலகத்தில் இன்னொரு காட்சி. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இட எம்சைனர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். அது அந்தக் கணினிக்குள்ளேயே 1585 என்ற போர்ட்டில் காத்திருக்கும். பிரவுசர் அதன் சான்றிதழை ஏற்காவிட்டால் இணைப்பு கிடைக்காது. உடனே எல்லோரும் சொல்லித்தரும் பரிகாரம் ஒன்று உண்டு: முகவரிப் பட்டையில் 127.0.0.1 என்று போட்டு அந்தப் போர்ட்டைத் திற. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பில் வரும். 'அட்வான்ஸ்டு' என்பதைத் தட்டு. 'பரவாயில்லை, போ' என்று சொல். இந்த இடத்தில் அதனால் ஆபத்து இல்லை என்பது உண்மை, ஏனென்றால் 127.0.0.1 என்பது தன் கணினியின் முகவரிதான். ஆனால் சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கம் அங்கேதான் விரலில் ஏறுகிறது. அடுத்த முறை அந்த எச்சரிக்கை போலி வங்கித் தளத்துக்காக வரும்போதும் விரல் அதே இடத்துக்குத்தான் போகும்.

இந்த இரண்டு காட்சிகளையும் பார்த்துவிட்டு மென்பொருள் நிறுவனங்கள் ஒரு முடிவுக்கு வந்தன: பயனரைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வார், ஆகவே கேட்காதே. எதை மறிப்பது, எப்போது அப்டேட் செய்வது, எந்த நிரலை ஓடவிடுவது என்று எல்லாவற்றையும் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் முடிவு செய்யட்டும். இதில் பாதி சரி. மற்ற பாதிதான் இன்று நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டியது. காவல் தானாக இயங்குவதில் தவறில்லை. அது என்ன செய்கிறது என்று உரிமையாளருக்குத் தெரியவும், வேண்டும்போது அதை நிறுத்தி வைக்கவும், செய்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லாமல் போவதுதான் தவறு. வழி இருந்தால் மட்டும் போதாது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கும் பொத்தான் எவ்வளவு எளிதில் கைக்கு எட்டுகிறதோ அவ்வளவு எளிதாக ஒரே ஒரு போர்ட்டைத் திறக்கும் வழியும் எட்ட வேண்டும். சர்வீஸ் பையன் முட்டாளல்ல. அவனுக்குக் கொடுக்கப்பட்ட தேர்வுதான் மோசமானது.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. ஆனால் இயல்பாக அது அணைந்திருந்தது. வேண்டுமென்பவர் தேடிப்போய் இயக்கிக்கொள்ளலாம் என்பது அன்றைய எண்ணம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. யாரும் எந்த இணைப்பையும் திறக்க வேண்டியதில்லை, எந்த மின்னஞ்சலையும் தட்ட வேண்டியதில்லை. கணினி இணையத்தில் இருந்தாலே போதும், உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் சிலர்தான். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலை இயல்பாகவே இயக்கிவிட்டது. கோடிக்கணக்கான வீடுகளில் யாருக்கும் தெரியாமலேயே ஒரு கதவு மூடப்பட்டது. அந்த மாற்றத்தைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை.

அதைவிடக் கடுமையான பாடம் 2017இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று, கோப்புகளைப் பகிரும் சேவையில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியானது. மே 12 அன்று வான்னகிரை என்ற புழு அதே ஓட்டை வழியாக நுழைந்தது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. ஆந்திரக் காவல் துறை, கேரளத்தில் ஊராட்சி அலுவலகங்கள், சென்னைக்கு அருகே ரெனோ நிசான் கார் ஆலை என்று தென்னிந்தியாவிலேயே அடி விழுந்தது. திருப்பதி தேவஸ்தான நிர்வாகத்தின் சில பழைய கணினிகளும் மாட்டிக்கொண்டன. பக்தர்களுக்கான சேவை தப்பியது. அந்தப் புழு பயன்படுத்திய 445 என்ற போர்ட், நம் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி கோப்புகளைப் பகிரப் பயன்படும் அதே போர்ட்தான். மற்ற இரண்டில் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டால், ஃபயர்வால் அணைந்த முதல் கணினிக்குப் போக அதற்கு நிமிடங்கள் போதும். 'என் கணினி, என் இஷ்டம், அப்டேட் வேண்டாம்' என்ற நிலைப்பாட்டுக்கு வான்னகிரைக்குப் பிறகு பெரிதாக இடமில்லை. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10, வீட்டுப் பதிப்பில் அப்டேட்டை மறுக்கும் உரிமையையே எடுத்திருந்தது. வான்னகிரை அந்த முடிவை நியாயப்படுத்திவிட்டது என்று பலர் எண்ணினார்கள்.

ஆனால் அடுத்த ஆண்டே மறுபக்கம் தெரிந்தது. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதைப் பெற்ற சிலரின் கணினிகளில் ஆவணங்களும் படங்களும் இருந்த கோப்புறைகள் காலியாகிவிட்டன. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டை நிறுத்தியது. சரிசெய்து நவம்பர் 13இல்தான் மீண்டும் வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பயனர்கள் இந்தக் குறையைப் புகாராகப் பதிவு செய்திருந்தார்கள் என்பது. இயந்திரத்தைப் பார்க்கத் தெரிந்த சில கண்கள் பார்த்தன, சொல்லின. நிறுத்தி வைக்கும் பொத்தான் அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வீட்டுப் பதிப்பிலும் அப்டேட்டை 35 நாட்கள்வரை தள்ளிப்போடலாம் என்று மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. மறுக்க முடியாது, தள்ளிப்போடலாம். என் வாதம் இந்த நடுவிடத்தைத்தான் கேட்கிறது. அதை ஒரு நிறுவனம் தானே பட்டுத் தெரிந்துகொண்டு வந்தடைந்தது என்பது முக்கியம்.

2024 ஜூலை 19ஐ எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இந்திய நேரம் காலை 9.39க்கு, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருள் இருந்த விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. புதிதாக வந்த தாக்குதல் முறையைக் கண்டுபிடிப்பதற்கான குறிப்புகள் அதில் இருந்தன. 20 உள்ளீடுகளைத் தரும் நிரலிடம் 21ஆவது உள்ளீட்டையும் படிக்கச் சொன்னது அந்தக் கோப்பு. இல்லாத இடத்தைப் படிக்கப் போன மென்பொருள் இயங்குதளத்தின் கருவறையில், அதாவது கெர்னலில், ஓடிக்கொண்டிருந்ததால் அதோடு சேர்ந்து கணினியே விழுந்தது. திரும்ப எழுந்தாலும் அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தது. 10.57க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. 78 நிமிடம்தான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மனிதர் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்ட வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள். திருச்சியின் உள்நாட்டு விமானச் சேவையில் பெரும்பங்கு வகிக்கும் இண்டிகோ மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது.

இந்த நிகழ்ச்சியில் எல்லோரும் பேசியது பழுதைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எச்சரிக்கையாக இருந்தவர்களும் விழுந்தார்கள் என்பது. அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் போட வேண்டாம், ஒரு பதிப்பு பின்னாலேயே இருப்போம் என்று அமைத்துக்கொள்ளும் வசதி வாடிக்கையாளர்களுக்கு இருந்தது. பல நிறுவனங்கள் அப்படித்தான் அமைத்திருந்தன. ஆனால் அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்கு மட்டும்தான் பொருந்தியது. நாள்தோறும் வரும் குறிப்புக் கோப்புகள் அதைத் தாண்டி நேராக உள்ளே போயின. வாடிக்கையாளர் கையில் ஒரு கடிவாளம் இருந்தது. வண்டியை இழுத்த குதிரை அதில் பூட்டப்படவில்லை. பிறகு அந்த நிறுவனமே என்ன செய்தது? குறிப்புக் கோப்புகளையும் படிப்படியாகத்தான் அனுப்புவோம், அவற்றை எப்போது, எந்தக் கணினிகளில் ஏற்பது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு மென்பொருட்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. பயனர் கட்டுப்பாடு என்பது பாதுகாப்பின் எதிரி என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. துறையின் முன்னணி நிறுவனம் ஒன்று, தன் மிகப் பெரிய விபத்துக்குப் பிறகு மருந்தாகக் கொடுத்தது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

பழுது தவறுதலாக வந்தது. வேண்டுமென்றே வந்தால்? அதற்கும் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த இஸ்கேன் ஆன்டிவைரஸ் தன் அப்டேட்களை நெடுங்காலம் பூட்டில்லாத எச்டிடிபி வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. வழியில் குறுக்கிட்ட கூட்டம் ஒன்று அந்த அப்டேட்டை மாற்றி, தன் நிரலைச் செருகி அனுப்பியது. காவல்காரனே திருடனை உள்ளே அழைத்துவந்தான். குப்திமைனர் என்று பெயரிடப்பட்ட இந்தத் தாக்குதலை அவாஸ்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தினார்கள். இஸ்கேன் 2023 ஜூலையிலேயே ஓட்டையை அடைத்திருந்தது. அதே 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் கேஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸுக்குத் தடை நெருங்கியபோது, பல பயனர்கள் காலையில் கணினியைத் திறந்தார்கள். கேஸ்பர்ஸ்கி காணாமல்போய் அல்ட்ராஏவி என்ற, அவர்கள் கேள்விப்பட்டிராத மென்பொருள் உட்கார்ந்திருந்தது. மாற்றம் வரும் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் போயிருந்தது. ஆனால் 'சரி' என்று தட்டும்படி யாரையும் கேட்கவில்லை. கணினியின் மிக ஆழமான அதிகாரம் பெற்ற மென்பொருளை, உரிமையாளரின் சம்மதமின்றி இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடிகிறது என்றால், அந்தக் கணினி யாருடையது?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மதிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு திருமதில்களுக்கு உள்ளேயும் இடையேயும் வாழ்கிற ஊர் இது. 1323இல் தில்லிப் படை வந்தபோது மதில்கள் இருந்தன. மதில் காக்கும் என்று உட்கார்ந்திராமல் முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். மூலவரைக் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசார்யர் முதலானோர் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார்கள். பல ஊர்களில் அலைந்து, திருமலையிலும் இருந்து, 1371இல்தான் உற்சவர் ஊர் திரும்பினார் என்று கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகின் மரபு சொல்கிறது. மதில் தானாக நிற்பது. எதைக் காப்பாற்ற வேண்டும், எப்போது மதிலை நம்பக் கூடாது என்பது மதிலுக்குத் தெரியாது. அதை உள்ளே இருப்பவர்கள்தான் அறிவார்கள். அவர்கள் கையைக் கட்டிப்போட்டுவிட்டு மதிலை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. 'திறவுகோல் உரிமையாளரிடம் இருந்தால், உரிமையாளரை ஏமாற்றுபவனிடமும் இருக்கும்.' இதை லேசாகத் தள்ள முடியாது. 2024இல் இணையக் குற்றங்களில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் பெரும் பகுதி ஃபயர்வாலை உடைத்துக்கொண்டு போனதல்ல. 'வங்கியிலிருந்து பேசுகிறோம்', 'காவல் துறையிலிருந்து பேசுகிறோம்' என்று சொன்ன குரலை நம்பி, மக்கள் தாமே கொடுத்தது. எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்லிப் பணத்தை எடுப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பிள்ளைகள் பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்க, ஓய்வூதியத்தோடு இங்கே தனியாக வாழும் பெரியவர்கள் நிறைந்த ஊரில் இது வெறும் புள்ளிவிவரமல்ல. அவர்களிடம் 'எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில்' என்று கொடுப்பது அவர்களைத் தனியே விடுவதுதான் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த உண்மையிலிருந்து வர வேண்டிய முடிவு திறவுகோலை எடுத்துக்கொள்வதல்ல. அதைத் திருப்ப நேரம் பிடிக்கும்படி செய்வது. விண்டோஸில் டேம்பர் புரொடெக்‌ஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது வேறு எந்த நிரலாலும் ஆன்டிவைரஸை அணைக்க முடியாது; கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் மட்டும், அதற்குரிய திரைக்குப் போய், தன் கையால் அணைக்கலாம். நிரலுக்கு இல்லாத அதிகாரம் மனிதருக்கு இருக்கிறது. இதையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். பெரும் பாதுகாப்பை அணைக்கக் கேட்டால் உடனே அணைக்காமல் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்கலாம். தொலைவிலிருந்து யாரோ திரையை இயக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பொத்தானே வேலை செய்யாமல் இருக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் மகளின் ஒப்புதலும் சேர்ந்தால்தான் மாறும் என்று பெரியவர் தாமே விரும்பி அமைத்துக்கொள்ளலாம். மோசடிக்காரனுக்கு வேண்டியது அவசரம். ஒரு மணி நேரத் தாமதம் அவன் கதையைக் கெடுத்துவிடும். டேலிக்காக ஒரு போர்ட்டைத் திறக்க வருபவருக்கு அதனால் நஷ்டமில்லை, ஏனென்றால் சிறு அனுமதிக்குத் தாமதம் வேண்டியதே இல்லை. அடிக்கடி கேட்டுத் தொந்தரவு செய்வதும் கூடாது. 2007இல் விஸ்டா ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் அனுமதி கேட்டுக் கேட்டு, படிக்காமலே 'சரி' சொல்லும் பழக்கத்தைத்தான் வளர்த்தது. விண்டோஸ் 7இல் அதைக் குறைத்தார்கள். கட்டுப்பாடு என்பது எந்நேரமும் கேட்கப்படுவதல்ல. கேட்காமல் நடக்கட்டும், நடந்ததைத் தெரிந்துகொள்ள வழி இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு: என் கணினி கெட்டால் என்னோடு போவதில்லை, அது ஊருக்கே ஸ்பேம் அனுப்பும், பக்கத்து வீட்டைத் தாக்கும், ஆகவே இது தனிமனித உரிமை அல்ல. சரிதான். ஆனால் பொது நலத்துக்காகத் தலையிடுவதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் நம் அரசே செய்து காட்டியிருக்கிறது. 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, மால்வேர் பிடித்த கணினிகளைப் பற்றிய தகவலை இணையச் சேவை நிறுவனங்கள் வழியாக உரிமையாளருக்குச் சொல்கிறது, சுத்தம் செய்யும் கருவியை இலவசமாகத் தருகிறது, போடுவது உரிமையாளர். அதற்கு நேர்மாறானது 2025 நவம்பர் 28இன் உத்தரவு. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் வசதிகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. திருடுபோன கைப்பேசியைக் கண்டுபிடிக்கும் நல்ல நோக்கம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. நாடே எதிர்த்தது, வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கம் தந்தார், டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. செயலியை விரும்பிப் போட்டுக்கொண்டவர்கள் ஏற்கெனவே ஏராளம். மக்கள் எதிர்த்தது பாதுகாப்பையல்ல, அணைக்க முடியாமையை. அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்காமல் இருக்க வேண்டும்.

இடையில் நிற்பது ஏர்டெல் 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய ஏற்பாடு. மோசடித் தளம் என்று தன் கணிப்பில் பட்ட முகவரிகளை அது வலைப்பின்னலிலேயே மறிக்கிறது. கைப்பேசி, பிராட்பேண்ட் இரண்டுக்கும் தானாகவே இயங்கும், தனிக் கட்டணம் இல்லை, மறித்ததற்கான காரணம் திரையில் வரும். அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இது பெரிய உதவி. அதை மறுக்க மாட்டேன். காரணத்தைச் சொல்லி மறிப்பது நல்ல வழக்கமும்கூட. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தால்தான் மறிக்க முடியும். ஒரு சிறு வணிகரின் தளம் தவறாக மாட்டிக்கொண்டால் அவர் எங்கே முறையிடுவது, எத்தனை நாளில் பதில், விரும்பாத சந்தாதாரர் எப்படி விலகுவது என்பவை கொட்டை எழுத்தில் தெரிய வேண்டிய விவரங்கள். தொழில்நுட்பத்தின் தரத்தைவிட இந்த மூன்று விவரங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

'சாதாரணப் பயனர் பதிவுகளைப் படிக்கப்போகிறாரா? பிறகு எதற்கு இந்த உரிமை?' என்றும் கேட்பார்கள். எல்லோரும் படிக்கத் தேவையில்லை. சிலர் படிக்க முடிவதே எல்லோருக்கும் காவல். கூடங்குளத்தை எண்ணிப் பாருங்கள். அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் டிட்ராக் என்ற உளவு நிரல் இருப்பதை மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. வெளியில் யாருக்கும் தெரியவில்லை. அக்டோபர் 28இல் அந்த நிரலின் மாதிரி பொதுவெளியில் தென்பட்டது. அதில் கூடங்குளத்தின் வலைப்பின்னல் பெயர் எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் பார்த்துச் சொன்னார்கள். 29 அன்று ஆலை நிர்வாகம் மறுத்தது. 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி, உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியானது. மாதிரியைத் திறந்து பார்க்க யாருக்கும் வழியில்லாத, மூடிய காவல் ஏற்பாடாக அது இருந்திருந்தால், 29ஆம் தேதி மறுப்புதான் நமக்குக் கிடைத்த கடைசிச் செய்தியாக இருந்திருக்கும். இஸ்கேன் ஓட்டை தெரிந்ததும், கோப்புகளை அழித்த அப்டேட் நின்றதும் இப்படித்தான்: இயந்திரம் செய்ததை ஒரு மனிதர் பார்க்க முடிந்தது.

இப்போது தமிழ்நாட்டுக்கு மிக அருகில் இருக்கும் கேள்வி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வராது. இன்றும் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் தட்டச்சுக்கும் டிக்கெட் எடுக்கவும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் வெளிநாட்டில் எடுத்த ஒரு முடிவு, நன்றாக ஓடும் கணினியைப் பாதுகாப்பற்றதாக ஆக்கிவிடுகிறது. இங்கே பயனர் கட்டுப்பாடு என்றால், வேறு இயங்குதளத்துக்கு மாறும் சுதந்திரம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் அதற்கும் முன்பே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அந்த விதை பள்ளிகளில் முளைக்கவில்லை என்பது வருத்தம். ஆசிரியருக்கும் பழுது பார்ப்பவருக்கும் பயிற்சி தராமல் ஒரு இயங்குதளத்தை வட்டில் ஏற்றிக்கொடுப்பதால் மட்டும் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஆயினும் இன்று அந்தப் பழைய லேப்டாப்களுக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் வழி லினக்ஸ் குடும்பத்தில்தான் இருக்கிறது. மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதே அங்கே பாதுகாப்பு.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. 20 லட்சம் கருவிகளை வாங்குபவர் சொல்வதை எந்தத் தயாரிப்பாளரும் கேட்பார். மாணவர் நாள்தோறும் பயன்படுத்துவது நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்காகவும், நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் தனியே அவரிடமே ஒப்படைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஃபயர்வால், அப்டேட், ஆன்டிவைரஸ் மூன்றும் முதல் நாளே இயங்கட்டும். ஆனால் முன்கூட்டியே ஏற்றிய எந்த மென்பொருளையும் நீக்க முடிய வேண்டும். குறியாக்கத்தின் மீட்புச் சாவி ஒரு தாளில் அச்சாகி, பெட்டியோடு மாணவர் கைக்குப் போக வேண்டும். க்ரவுட்ஸ்ட்ரைக் நாளில் பெரிய நிறுவனங்களே அந்தச் சாவியைத் தேடி அலைந்தன. என்ன மறிக்கப்பட்டது, எது எப்போது மாறியது என்ற பதிவு தமிழில் படிக்கும்படி ஒரே திரையில் இருக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு மாவட்டத்திலும் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும், திருச்சியில் நவல்பட்டு எல்காட் பூங்காவிலேயே நடத்தலாம்: ஃபயர்வாலை அணைக்காமல் 9999ஐ மட்டும் திறப்பது எப்படி என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். இவற்றை ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கொள்முதல் செய்யும் எல்காட் எழுதினால் போதும்.